தண்ணி எங்கே போகுது?

“தண்ணி கொறையுதுங்ணா. எங்க போகுதுன்னுதான் தெரியல.”

டிரைவர் இதைச் சொன்னபோது மெக்கானிக் தலை நிமிரவில்லை. வேறொரு வண்டியின் முன்சக்கரத்தருகே குத்தவைத்து, கழற்றிய நட்டுகளைக் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி நட்டும் விழுந்த பிறகு கேட்டார்: “ஏறும்போது கொறையுதா, எறங்கும்போதா, ராத்திரி நிக்கும்போதா?”

டிரைவர் யோசித்தார். அப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “காத்தால பாத்தா கொறஞ்சிருக்கும். அரை லிட்டர் ஊத்துவேன். மறுநாளும் அரை லிட்டர்.”

“எப்ப இருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடி இருந்துங்ணா.”

அன்று சித்திரை மாதம் நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. கிழங்கு மண்டிக்குப் போகிற லாரிகளின் ஹாரன் விடாமல் கேட்கும். சுவரோரமாக ஏதோ ஒரு பழைய வேனின் பின்சீட் கிடக்கிறது. காத்திருப்பவர்களுக்கு அதுதான் நாற்காலி. என் வண்டிக்கு பிரேக் வேலை முடியும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு இஞ்சின் சூடு என்பது அன்றாடப் பிழைப்பு. காரணம் மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,850. ஊட்டி 2,240. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோடை சீசனில் முன்னால் போகிற பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறுகிற காருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. இஞ்சின் கக்குகிற சூட்டை ரேடியேட்டரும் அதன் விசிறியும்தான் வெளியே தள்ளியாக வேண்டும். சமவெளியில் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கிற குறை பர்லியாறு வருவதற்குள் வெளிவந்துவிடும். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு ரோட்டோரம் நிற்கிற குடும்பங்களை அந்தப் பாதையில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது கடலோரக் கணக்கு. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காரின் இஞ்சினோ நல்ல நாளிலேயே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. அப்படியென்றால் ஊட்டிக்குப் போகிற கார் ஒவ்வொன்றும் கொதித்து நிற்க வேண்டும். நிற்காததற்குக் காரணம், உள்ளங்கையில் அடங்குகிற ரேடியேட்டர் மூடி. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்து, கொதிநிலையை 120 டிகிரிக்கு மேலே கொண்டுபோய்விடுகிறது அது. ஓர் இடத்தில் கசிந்தால் போவது தண்ணீர் மட்டுமல்ல, இந்த அழுத்தமும்தான்.

வண்டி வெள்ளை நிறம், மஞ்சள் போர்டு, பெட்ரோல் இஞ்சின். ஓட்டமாய் ஓடிப் பத்து வருஷம் ஆன டாக்சி. டிரைவர் வரும்போதே தீர்ப்போடு வந்திருந்தார். “ரேடியேட்டர் போச்சு, மாத்தணும்னு ஒரு கடைல சொல்லிட்டாங்க. ஏழாயிரம் ஆகுமாம்.”

எந்தக் கடை என்று மெக்கானிக் கேட்கவில்லை. “மாத்திக்கலாங்க. அது ஒழுகுதான்னு மொதல்ல பாத்துருவோம்.”

பானட் திறந்தது. சூடு முகத்தில் அடித்தது. டிரைவர் பழக்கத்தில் ஒரு துணியை மடித்து மூடிமேல் போட்டு அழுத்தித் திருகப் போனார். மெக்கானிக் அவர் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே அக்கட்டால் நகர்த்திவிட்டார். அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிற சுடுநீர் மூடி திறந்த கணத்தில் ஆவியாகிப் பீறிட்டு முகத்திலும் நெஞ்சிலும்தான் அடிக்கும். துணி ஒன்றும் காப்பாற்றாது. “சித்த நேரம் போகட்டும். டீ குடிச்சுட்டு வாங்க.”

டிரைவர் டீக்கடைக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார். சம்பாதிக்கிற வண்டியை விட்டு நகர மனம் வராது.

மெக்கானிக் எதையும் தொடாமல் வண்டியைச் சுற்றி வந்தார். கூட இருந்த பையன் தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்து, “அண்ணா, இங்க சொட்டுது” என்று கூவினான். டிரைவர் ஓடிப்போய்க் குனிந்தார். மெக்கானிக் நிதானமாக வந்து அந்த ஈரத்தை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து, பையனிடம் நீட்டினார். “என்ன?”

பையனும் தேய்த்துப் பார்த்தான். “தண்ணி.”

“ஏசி தண்ணி. பச்சத்தண்ணி. கூலண்ட்டா இருந்தா வழவழங்கும், இனிச்சாப்ல வாசம் வரும், காஞ்ச எடத்துல கறை நிக்கும்.”

இனிப்பு வாசம் என்றதும் சில பழைய ஆட்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பது ஞாபகம் வந்தது. கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் நச்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இந்த மனிதர் முகர்ந்ததோடு நிறுத்திக்கொண்டார்.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. உள்ளே இருந்தது ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டியது. துருப்பிடித்த பழுப்பில் இருந்தது. “என்ன ஊத்துனீங்க?”

“குழாத்தண்ணிதாங்ணா. பவானித் தண்ணி. நல்ல தண்ணிதானே?”

“குடிக்கறதுக்கு நல்ல தண்ணி.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. கூலண்டில் கலந்திருக்கிற மருந்துகள் அலுமினியம் அரிக்காமலும் துருப்பிடிக்காமலும் காக்கின்றன. அரை அரை லிட்டராக மூன்று மாதம் வெறும் தண்ணீரை ஊற்றினால் அந்த மருந்தெல்லாம் கரைந்து ஒழுகிப் போய், மிஞ்சுவது குழாய்த் தண்ணீரும் அதன் உப்பும்தான். குறைவதை நிரப்பினோம் என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருந்தார். நிரப்பியதே அரித்துக்கொண்டிருந்தது.

“ஆனா கேஜ் ஏறவே இல்லீங்ணா. நடுவுலயேதான் நிக்கும்.”

“நிக்கும். அந்த சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சூடு சொல்லும். தண்ணி எறங்கி அது காத்துல நின்னுச்சுன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது. இஞ்சின் எரிஞ்சாலும் முள்ளு சும்மா இருக்கும்.”

டிரைவர் டேஷ்போர்டு பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதமாக அந்த முள்ளை நம்பித்தான் மலை ஏறியிருக்கிறார்.

வண்டி ஆறியது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். அடியில் இருக்கிற ரப்பர் வளையம் விறைத்து, உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. “இவன் ஒரு குத்தவாளி,” என்றார் மெக்கானிக். “ஆனா அரை லிட்டர் குடிக்கிற அளவுக்கு இவனுக்கு வக்கில்ல.”

அதன்பின் நடந்ததை வேலை என்று வெளியாள் யாரும் சொல்ல மாட்டார்கள். மேல் ஹோஸை விரலால் அமுக்கி, வளைத்து, கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ரேடியேட்டரின் அலுமினிய வலையும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்கிற மடிப்பு நெடுக டார்ச்சை ஓட்டினார். ரேடியேட்டர் கிழிகிறதென்றால் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் கிழியும். காய்ந்து கிடந்தது. கீழ் ஹோஸ் மட்டும் நனைந்திருந்தது. “பாத்தீங்களா! அங்கதான் ஒழுகுது” என்று டிரைவர் ஜெயித்த குரலில் சொன்னார். மெக்கானிக் வேஸ்ட் துணியால் அந்த ஹோஸை அழுந்தத் துடைத்துவிட்டுப் பையனைப் பார்த்தார். “ஈரம் நிக்கிற எடத்துலயே ஓட்டை இருக்காது கண்ணு. மேல பாரு. மேல இருந்துதான் கீழ வரும்.”

பெட்டியிலிருந்து பிரஷர் டெஸ்டரை எடுத்தார். சைக்கிள் பம்பின் தம்பி மாதிரி ஒரு கைப்பம்பு, தலையில் ஒரு கடிகாரம். ரேடியேட்டரைப் பேட்டரி தண்ணீரால் நிரப்பி, மூடி இருந்த வாயில் இதை மாட்டிப் பம்பு அடித்தார். மூடியில் 1.1 என்று அச்சிட்டிருந்தது, முள் 1.1-ஐத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அடித்தால் நல்லதாய் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியும் பிளந்துகொள்ளும். இஞ்சின் ஓடவில்லை, சூடு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. மலையில் ஏறும்போது உள்ளே இருக்கிற அழுத்தம் மட்டும் இருந்தது. மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்தார்கள். நானும் சீட்டின் நுனிக்கு வந்திருந்தேன்.

முள் மெல்ல இறங்கியது. 1.1 என்பது 1 ஆயிற்று. பிறகு 0.9.

கசிகிறது. ஆனால் எங்கும் சொட்டவில்லை. பையன் அடியில் படுத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்ந்தான். “ஒண்ணுமே இல்லீங்ணா.”

இந்த இடத்தில்தான் டிரைவரின் முகம் மாறியது. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே ஒழுகுகிறது. உள்ளே என்றால் ஹெட் கேஸ்கெட். “ஹெட் எறக்கணும்” என்ற வார்த்தை டாக்சிக்காரர் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை: நாள்கணக்கில் வண்டி நிற்கும், லேத்துக்குப் போய் ஹெட்டை மட்டம் பார்க்க வேண்டும், செலவு ஐந்து இலக்கத்தை எட்டும், வண்டியின் மாதத் தவணை மட்டும் நிற்காது. மூன்று மாதம் அவர் மெக்கானிக்கைத் தேடி வராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததன் ரகசியம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கெட்டிருக்கிறதா என்று தெரியாமல் இருப்பது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீரோடு முடிந்துபோகிறது.

மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். கூலண்டும் ஆயிலும் கலந்தால் அங்கே வெளுத்த பசை அப்பியிருக்கும். இல்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. டெஸ்டரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் வாய் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார். சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் நுழைந்தால் விடாமல் குமிழி வரும். வரவில்லை. பையனைப் பின்னால் அனுப்பி சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளுகிறதா என்று கேட்டார். இல்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் முழங்காலிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவினார். ஹீட்டருக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர் ஓட்டையானால் அங்கேதான் நனையும், முன்கண்ணாடியிலும் பிசுபிசுப்பாய் ஆவி படியும். அதுவும் இல்லை.

“ஹெட் இல்லீங்க,” என்றார். டிரைவர் அப்போதுதான் டீக்கடைக்குப் போனார்.

இஞ்சின் நின்றது. மெக்கானிக் பானட்டின் கம்பியைப் பிடித்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார். வெறும் பார்வைதான். பிறகு எதையோ கண்டவர்போல் முகத்தை பானட்டின் உட்புறத்துக்குக் கொண்டுபோனார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பெல்ட் ஓடுகிற ஓரத்துக்கு நேர் மேலே, கறுப்பு பெயிண்டில், கடுகளவு வெளிறிய புள்ளிகள். ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருந்தன. டார்ச்சைக் கீழே இறக்கினார். அதே கோடு பெல்ட்டின் பக்கவாட்டுத் தகட்டிலும் இறங்கியது. சுற்றுகிற பெல்ட் எதையோ பொட்டுப் பொட்டாய் வீசியடித்திருக்கிறது. அது காய்ந்து கறையாகியிருக்கிறது.

“கண்ணு, டயரக் கழட்டு. அந்தக் கண்ணாடியயும் எடுத்துட்டு வா.”

கண்ணாடி என்பது ஏதோ ஒரு பைக்கிலிருந்து உடைந்து வந்த பின்பார்வைக் கண்ணாடி. மூலையில் கீறல், அடியில் வளைந்த கம்பி. முன்சக்கரமும் அதற்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பும் கழன்றதும் பெல்ட்டும் புல்லிகளும் தெரிந்தன. நேராகப் பார்க்க முடியாத இடம். தலையை நுழைக்கவும் வழி இல்லை. பையன் கண்ணாடியைக் கம்பியோடு இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே விட்டான். மெக்கானிக் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். “மேல… இன்னுங் கொஞ்சம்… சாய்ச்சுப் புடி. அவ்வளவுதான், ஆட்டாத.”

கண்டுகொண்டார் என்பது அவர் தோள் தளர்ந்ததில் தெரிந்தது. டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, கேட்காமலே, என்னைப் பார்த்தும் தலையசைத்தார். நானும் போய்க் குனிந்தேன். கீறல் விழுந்த கண்ணாடிக்குள், வாட்டர் பம்பின் அடிவயிற்றில், பென்சில் முனை நுழைகிற அளவில் ஒரு துளை. அதிலிருந்து கீழே ரோஸும் வெள்ளையுமாய் உப்புப் படிவம் ஒரு தடமாய் வழிந்து காய்ந்திருந்தது. தடத்தின் நுனியில் ஒரே ஒரு ஈரப் பொட்டு. அது சொட்டாகக் கீழே விழவில்லை. இஞ்சின் மவுண்ட்டின் இடுக்கில் இறங்கித் தேங்கிக்கொண்டிருந்தது. படுத்துப் பார்த்த பையனுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

அந்தத் துளை உடைசல் இல்லை. செய்தவர்களே வேண்டுமென்று வைத்தது. பம்பின் அச்சில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங். நடுவில் தண்ணீரைத் தடுக்கிற சீல். சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டினால் அது பேரிங்கில் புகாமல் வெளியேறிவிட இந்த வழி. பேரிங் சட்டென்று இறுகாமல் கொஞ்ச காலம் காப்பதோடு, பம்பு போய்க்கொண்டிருக்கிறது என்று அறிவிக்கவும் செய்கிறது. மூன்று மாதமாக அது அறிவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் படாத இடத்தில்.

டிரைவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “ஓடும்போதுதான் ஒழுகுதுன்னா, காத்தால பாக்கும்போது எப்படிங்ணா கொறஞ்சிருக்கு?”

மெக்கானிக் டப்பாவைத் தட்டிக் காட்டினார். “சூட்டுல தண்ணி பெருத்து டப்பாவுக்கு வரும். ஆறுனா ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கும். மலைல போனது அத்தனையும் விடிஞ்சாத்தான் கணக்குல தெரியும். போறது பகல்ல. தெரியறது காத்தால.”

புல்லியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். பிறகு பையனின் கையை எடுத்து அதில் வைத்தார். பையன் ஆட்டினான். மிகச் சின்னதாய் ஒரு ‘டிக்’. “இருக்கா?” “இருக்குங்ணா.” பேரிங்கும் ஆட்டம் கண்டிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அச்சு இறுகி, பெல்ட் அறுந்து, வண்டி ஏதாவதொரு வளைவில் நின்றிருக்கும்.

கசிவை அடைக்கிற திரவம் ஏதாவது ஊற்றி ஒப்பேற்ற முடியாதா என்று டிரைவர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போடுவதையும் சொன்னார். “அதுக்கு எது ஓட்டை, எது வழின்னு தெரியாதுங்க. ரேடியேட்டர் டியூப்பயும் சேத்து அடைச்சுரும். அப்பறம் நெசமாவே ஏழாயிரம் ஆகும்.”

பம்பு வாங்கப் பையன் மொபெட்டில் போனான். அவன் வருவதற்குள் கழற்றல் தொடங்கியது. பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே புல்லியின் போல்ட்டுகளை நெகிழ்த்திவிட்டார். பெல்ட் இறுக்கமாய் இருக்கும்போது அதுவே புல்லியைப் பிடித்துக்கொள்ளும், கழன்ற பிறகு போல்ட்டைத் திருகினால் புல்லியும் சேர்ந்து சுற்றும். பழைய தண்ணீரைப் பேசினில் இறக்கினார். சந்து நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு மோப்பம் பிடித்து வந்தது. கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் தட்டி அதை விரட்டிவிட்டு, பேசினை ஒரு தகரத்தால் மூடி மேலே கல் வைத்தார். இனிப்புக்கு ஆசைப்பட்டு நாய் குடித்தால் செத்துப்போகும். அந்தக் கொட்டகையில் வேறு எந்தப் பொருளும் அவ்வளவு அக்கறையாய் மூடிவைக்கப்பட்டு நான் பார்க்கவில்லை.

பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் கீழே இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், அதன்மேல் மூன்று மாதக் கசிவின் துரு. 10-ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். ஸ்பேனர் வளைகிற மாதிரி இருந்ததும் விட்டுவிட்டார். அவசரக்காரன் அந்த இடத்தில் குழாயை மாட்டி நீட்டி அழுத்தியிருப்பான். தலை முறிந்து தண்டு உள்ளே நின்றிருக்கும். அதைத் துளைபோட்டு எடுக்க அரை நாள். இவர் துரு நீக்கும் ஆயிலைப் பீய்ச்சிவிட்டு, டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தார். பிறகு போல்ட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். மறுபடி ஆயில். ஸ்பேனரை மாட்டியதும் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். ‘க்ரீக்’ என்றது. இப்போது இந்தப் பக்கம். அரைச்சுற்று வந்தது. நிறுத்தி ஆயில் விட்டு, திரும்ப இறுக்கி, திரும்பக் கழற்றி, முன்னும் பின்னுமாய் அதைக் கொஞ்சிக் கொஞ்சி வெளியே கொண்டுவந்தார். போல்ட் முழுதாக வந்தது. அதன் மரை முழுக்கச் செந்தூள்.

பழைய பம்பின் இறக்கைகள் விளிம்பில் அரித்து, பல்போன மாதிரி இருந்தன. புதியதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகள், புல்லி உட்காரும் உயரம், இறக்கை எண்ணிக்கை எல்லாம் ஒத்துப் பார்த்தார். பேக்கிங் ஒட்டியிருந்த பரப்பைச் சுரண்டப் பையன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மெக்கானிக் அதை வாங்கி வைத்துவிட்டு பழைய பிளேடு ஒன்றைப் படுக்கைவசத்தில் பிடித்துக் காட்டினார். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதுதான் அடுத்த கசிவு. மாட்டுகிற வேலை கால் மணி நேரத்தில் முடிந்துபோனது. எதிரெதிர் போல்ட்டுகளாய்க் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கினார், அவ்வளவுதான்.

உள்ளே இருந்த பழுப்புத் தண்ணீரெல்லாம் போக ஒருமுறை அலசிவிட்டு, செறிவான கூலண்ட்டும் பேட்டரி தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினார். “இது உறையாம இருக்கறதுக்குன்னு சொல்றாங்களே, நம்மூருக்கு எதுக்குங்ணா?” என்று பையன் கேட்டான். பதில் டிரைவரிடமிருந்து வந்தது. மார்கழியில் ஒரு பார்ட்டியோடு தலைகுந்தாவில் தங்கினாராம். விடிகாலையில் முன்கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டித்தான் வண்டியை எடுத்தாராம். டிசம்பர், ஜனவரியில் அங்கே குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். சென்னைக்காரருக்குக் கொதிப்பும் துருவும் மட்டும்தான் கவலை. நீலகிரிக்குப் போய்வருகிறவருக்கு இரண்டு முனையும் கவலை.

ஊற்றியதும் வேலை முடியவில்லை. முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி முகத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து உள்ளே சிக்கிய காற்றைக் குமிழிகளாய் வெளியேற்றினார். குமிழி நின்றதும் புது மூடி. விசிறி தானாக ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார், சூடேறியிருந்தது. தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் முழுச் சுற்றும் வருகிறது. வண்டி ஆறிய பின் மறுபடி டெஸ்டர், மறுபடி 1.1. இந்தத் தடவை யாரும் நின்று பார்க்கவில்லை. மூவரும் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு எழுந்து வந்தபோதும் முள் அதே இடத்தில் இருந்தது. கல்லாறு தாண்டிச் சில வளைவுகள் ஏறி இறங்கி வந்து, கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள். துளை காய்ந்திருந்தது.

பில் எழுதப்பட்டது. பேக்கிங்கோடு வாட்டர் பம்பு 1,850. மூடி 220. கூலண்ட் 640. பேட்டரி தண்ணீர் கேன் 100. கூலி 900.

“நாலு போல்ட்டு கழட்டி மாட்டறதுக்கு தொள்ளாயிரமாங்ணா?” என்றார் டிரைவர். மெக்கானிக் சிரித்தபடி 900-ஐ அடித்து 800 என்று எழுதினார். மொத்தம் 3,610 ரூபாய்.

கழற்றி மாட்டியதற்குத்தான் அந்தப் பில்லில் கூலி இருந்தது. காலையிலிருந்து மத்தியானம்வரை தேடியதற்கு அதில் ஒரு வரியும் இல்லை; மாற்றாமல் விட்ட ஏழாயிரம் ரூபாய் ரேடியேட்டருக்கும் இல்லை. அந்த நூறு ரூபாயை அவர் குறைத்திருக்கக் கூடாது. டிரைவர் கேட்டிருக்கவும் கூடாது.